சிவப்பு விளக்கும் ‘வாயைத்திற’ வாத்தியாரும்

விளையாட்டரங்கத்தில் அவரை முகத்துக்கு நேரே எல்லாரும் வாத்தியார் என்பார்கள். முதுகைத் திருப்பினால் ‘வாயைத்திற’ என்பார்கள். அது அவருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக நின்று, எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாற்பது தரம் “வாயைத் திற, இன்னும் கொஞ்சம் திற” என்று சொன்ன மனுஷன் அவர். டாக்டர் வயசாகி ஆஸ்பத்திரியை மூடினதும் அரங்கத்தில் உடைமாற்றும் அறைகளின் சாவிக்காரராக வந்து சேர்ந்தார். சாவிக்காரர் எப்படி வாத்தியார் ஆனார் என்பதில்தான் எனக்கு முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம் சொந்தத்தில் வந்தது. என் பெரியப்பாவின் இரண்டாம் தாரத்துக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கை வீட்டுக்காரர்தான் இவருடைய அப்பா. அந்த மனுஷன் என் சின்னம்மா மகளுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு முப்பது வயசு என்று அடித்துச் சொன்னார். கல்யாணத்தன்று மழை பெய்தது. மாப்பிள்ளை தலையிலிருந்து கறுப்பாக வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. பிறகு விசாரித்தால் வயசு நாற்பத்து மூன்று. அவள் நன்றாகத்தான் வாழ்ந்தாள், அது வேறு கதை. ஆனால் அந்த வழியில் வந்தவர் “நம்புங்க” என்று சொன்னால் எனக்குக் கை தானாகக் கைப்பையை இறுக்கிப் பிடிக்கும்.

என் தம்பி பெண்டாட்டி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து அள்ளி வண்டியில் போடுகிற வேலை. இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற ஈரச்சுமையை இவள் ஒருத்தியாகத் தூக்குவதைப் பார்த்த மேற்பார்வைக்காரர்தான், “நீ இரும்பு தூக்கப் போம்மா, இங்க துணியைத் தூக்கி என்ன கண்ட?” என்று சொல்லி, எடை தூக்கும் மன்றத்தில் சேர்த்துவிட்டார். மூன்றே வருஷத்தில் போட்டிக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

அந்தப் போட்டியில் இரண்டு வகை தூக்கல் உண்டு. ஒன்று, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல். இன்னொன்று, முதலில் தோள் வரைக்கும், பிறகு மேலே. இரண்டாவது வகையில் இவள் ஒரு நாளும் தவறியதில்லை. முதல் வகையில்தான் வினை. பயிற்சியில் அறுபத்தைந்து கிலோவைப் பூச்செண்டு மாதிரித் தூக்குகிறவள், போட்டிக்குப் போனால் அறுபதைக்கூடத் தூக்கமாட்டாள். ஒவ்வொரு வகைக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், பெயருக்கு எதிரே பூஜ்யம். இப்படி இரண்டு போட்டியில் பூஜ்யம் வாங்கியாயிற்று. மூன்றாவது தடவையும் பூஜ்யம் என்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவோம் என்று மன்றத்துச் செயலாளர் நேரடியாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த வாயைத்திற நுழைந்தார்.

என் தம்பி ஒரு நாள் காலையில் மாடியேறி என் வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை.

“அக்கா, இவ எங்கயோ மாட்டிக்கிட்டாளோன்னு பயமா இருக்கு.”

“என்னடா ஆச்சு?”

“சாவிக்காரன் ஒருத்தன் அங்க மனசுக்குப் பயிற்சி குடுக்குறானாம். சாவி ரூமுக்குள்ள உக்கார வச்சு கண்ணை மூடச் சொல்றானாம். கம்பியே இல்லாம தூக்குற மாதிரி நினைச்சுக்கச் சொல்றானாம். என்ன சாப்பிட்ட, எந்தக் காலை முன்னாடி வச்ச, எல்லாத்தையும் நோட்டுல எழுதுறானாம். இவளே வந்து சொல்றா, சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்குத்தான் சிரிப்பு வரல.”

“படிச்சவனா?”

“பல் பிடுங்குற இடத்துல எடுபிடியா இருந்தவனாம்.”

எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. “நீ வேலைக்குப் போ. நான் பார்த்துக்கிறேன்” என்றேன்.

அன்று சாயங்காலமே போனேன். அரங்கத்தின் பின்பக்கம், கொதிகலன் அறைக்கு அடுத்து, எடை தூக்கும் கூடம். தரையெல்லாம் ரப்பர் பலகை. சுவரோரம் வட்ட வட்டமாக இரும்புத் தட்டுகள். கைக்குப் பூசுகிற வெள்ளைப் பொடி காற்றில் மிதந்து தொண்டையைக் கரகரக்க வைத்தது. நான் நுழைந்ததும் ஒல்லியாக, முழுக்கைச் சட்டையும் வாரிவிட்ட தலையுமாக ஒருத்தர் எழுந்து வந்தார். அந்த அப்பாவின் அதே மூக்கு.

“வாங்கக்கா. உங்களைத்தான் எதிர்பார்த்தேன்” என்றார்.

“என்னை எதுக்கு எதிர்பார்க்கணும்?”

“ஒருத்தர் வந்து பார்க்கணும்தானே? வீட்டுப் பொண்ணு. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா நானும் வந்து பார்ப்பேன்.”

இவருக்கு இரண்டு தங்கைகள். பெரியவளைத் துறைமுகத்தில் எடை போடுகிறவருக்குக் கொடுத்திருக்கிறது, சின்னவள் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் அதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“அவங்க இரும்பு தூக்கலைக்கா. நான் சொன்னது இரும்பு தூக்குற தங்கச்சி.”

இப்படித்தான் பேசுவார். ஒரு வாக்கியத்தை நான் பிடித்து நிறுத்தினால் அடுத்ததில் நழுவிவிடுவார்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டார். ஓரமாக அல்ல, மேடைக்கு நேர் எதிரே, நடுவில். பக்கத்து முக்காலியில் ஒரு பழைய மரப்பெட்டி. அதில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு வெள்ளை விளக்கு, இரண்டு பொத்தான்.

“இதென்ன?”

“போட்டியில மூணு நடுவர் உக்காருவாங்க. சரியாத் தூக்கினா வெள்ளை, தப்புன்னா சிவப்பு. ரெண்டு வெள்ளை விழுந்தா போதும். இங்க நீங்கதான் நடுவர். உங்களுக்கு என்ன தோணுதோ அதை அமுக்குங்க.”

“எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“தெரிய வேண்டாம். நீங்க எப்பவும் எப்படிப் பார்ப்பீங்களோ அப்படிப் பாருங்க.”

என் கண்ணெதிரே ஏதாவது தில்லுமுல்லு நடந்தால் பிடிக்கலாம் என்று நானும் உட்கார்ந்தேன். தம்பி பெண்டாட்டி வந்து கம்பியைப் பிடித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தூக்கினாள். பாதியில் போட்டாள்.

சிவப்பை அமுக்கினேன்.

அன்று மட்டும் பதினோரு சிவப்பு. ஒன்றில் கம்பி கீழே விழுந்தது. ஒன்றில் தூக்கும்போது அவள் கத்தினாள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றில் முடி முகத்தில் கிடந்தது. ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது போலிருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத்திற வாயையே திறக்கவில்லை. நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தம்பி பெண்டாட்டி, “அண்ணி, கத்துனா தப்பில்லை” என்றாள்.

“அதை உன் வாத்தியார் சொல்ல வேண்டியதுதானே?”

“கேட்டேன். ‘கத்தினா சிவப்பு போடுற நடுவர் முன்னாடியே தூக்கிட்டா, மத்தவங்க எல்லாம் உனக்குச் சுலபம்’னு சொல்றாரு.”

சரி, என்னமோ பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் விடவில்லை. தினமும் போனேன். சாவி அறையில் கண் மூடும் படலம் நடக்கும்போது கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன், திறந்து வைத்தார். என்ன குடிக்கக் கொடுக்கிறார் என்று முகர்ந்து பார்த்தேன், வெறும் தண்ணீர். வாசலில் நின்று கேட்டதில் ஒன்று என் மனசில் ஒட்டிக்கொண்டது. ‘பயப்படாதே’ என்ற வார்த்தையை அவர் சொல்லவே மாட்டார்.

“பேரைக் கூப்பிடுவாங்க. அப்ப கை மெத்துன்னு ஆகும். ஆகட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு வரைக்கும் அப்படித்தான் இருக்கும். நாலுல கொஞ்சம் குறையும். அஞ்சுல பிடி.”

இதை ஒரு நீச்சல்காரியிடமிருந்துதான் ஆரம்பித்தாராம். அந்தப் பெண் பந்தயத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் பூட்டிக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறாள். பயிற்சியாளர் வெளியே நின்று கத்தியிருக்கிறார். சாவிக்காரர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, பல் நோயாளிக்குச் சொல்வது மாதிரி, “இன்னும் ஒரு தரம் வரும்மா, அதோட நின்னுடும்” என்று சொன்னாராம். அவள் ஒரு தரம் எடுத்துவிட்டு வெளியே வந்து நீந்தினாளாம். அன்றிலிருந்து வாத்தியார். இதை எனக்குச் சொன்னது அவர் அல்ல, தரை துடைக்கும் அம்மா. அவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாவது வாரத்தில் எனக்கு விதி தெரிந்துவிட்டது. கத்தலாம், முடி கிடக்கலாம். ஆனால் கம்பி மேலே போனபிறகு முழங்கை மடங்கி நிமிர்ந்தால் அது தப்பு. ஒரு நூல் மடங்கினாலும் தப்பு. துவைத்த துணியில் ஒரு கறை இருந்தாலும் எனக்குத் தெரியும், முழங்கை தெரியாதா? சிவப்பு குறைந்தது. ஆனால் போட்ட சிவப்பு எல்லாம் அசல் சிவப்பு.

போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, யாரோ சாவி கேட்க, அவர் நோட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் எடுத்தேன். எடுக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆட்களின் பெயருக்குப் பதில் தொழிலை எழுதியிருந்தார். ‘தபால்’, ‘கொத்தனார்’, ‘பஸ்’. ‘சலவை’ என்ற பக்கத்தில் நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

‘போட்டியில் கை மெத்தென்று ஆகிறது. எப்போது? நடுவரைப் பார்க்கும்போது. நடுவர் யார் மாதிரி இருக்கிறார்? நாத்தனார் மாதிரி. நாத்தனாரை இங்கே கொண்டுவர வேண்டும். கூப்பிட்டால் வர மாட்டார். சந்தேகம் வந்தால் வருவார். இங்கே நடப்பதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.’

அதற்குக் கீழே, நான் முதலில் வந்த தேதியைப் போட்டு, ஒரே வார்த்தை: ‘வந்தாச்சு.’

காது சூடாகிவிட்டது. ஆளைப் பிடிக்கப் போனவள் நான். கண்ணிக்குள் உட்கார்ந்து நாற்பது நாளாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தவளும் நான்.

அவர் திரும்பி வந்தபோது நோட்டு என் கையில் இருந்தது.

“இது ஏமாத்து வேலை இல்லையா?” என்றேன்.

“ஆமாக்கா. ஏமாத்துதான்.”

மறுப்பார் என்று நினைத்திருந்தேன்.

“உங்கப்பன் புத்தி எங்க போகும்?”

“எங்கப்பாவைப் பத்தி நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? என் கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்கு என் வயசை அஞ்சு குறைச்சுச் சொன்னவர் அவர். முதல் ராத்திரியே அவகிட்ட நிஜத்தைச் சொல்லிட்டேன். ஒரு வாரம் பேசலை.” பெருமூச்சு விட்டார். “உங்ககிட்டயும் போட்டி முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

“இருந்தீங்களாக்கும்!”

“நம்ப மாட்டீங்க. தெரியும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. போட்டிக்கு வராம இருந்துடாதீங்க. வந்து, முகத்தை மாத்தாம உக்காருங்க. உங்க முகத்துல திடீர்னு பாசம் வந்துச்சுன்னா அந்தப் பொண்ணு பயந்துடும்.”

நோட்டை அவர் மடியில் போட்டுவிட்டு வந்தேன். நான்கு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் தம்பி பெண்டாட்டி வேலை முடிந்து நேரே மாடிக்கு வந்தாள். கையெல்லாம் சோப்பு வாசனை. கதவோரமாக நின்றாள்.

“உள்ள வா. உன்னைக் கடிச்சுடவா போறேன்?” என்றேன். “நான் உன்னை என்ன பண்ணினேன் சொல்லு. அடிச்சேனா? திட்டினேனா?”

“இல்ல அண்ணி.”

“பின்ன?”

“கல்யாணமான முதல் வாரம், நான் கழுவி வச்ச டம்ளரை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தீங்க. ஒண்ணும் சொல்லலை. திரும்ப வச்சிட்டுப் போயிட்டீங்க.”

“சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“அதைச் சொல்லலையே அண்ணி.”

ஆறு வருஷத்துக்கு முந்தின டம்ளர். எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நினைவிருக்கிறது. என் வீட்டு டம்ளரையும் நான் அப்படித்தான் பார்ப்பேன், என்னைப் பெற்றவள் கழுவினதையும் அப்படித்தான் பார்த்தேன். அதை அவளுக்கு யார் சொல்வது?

“போட்டிக்கு வருவீங்களா?” என்றாள்.

“பார்க்கலாம்” என்றேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

போட்டியன்று காலையில், வேறொரு அரங்கத்தில், நான் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். தம்பி பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்த பிறகுதான் நிறுத்தினான். மேடைக்கு எதிரே மூன்று நடுவர்கள் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை நுனிமூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கே பிடிக்கவில்லை. வாயைத்திற எங்கே என்று தேடினேன். காணோம். அப்பா மாதிரியே காரியம் முற்றும் நேரத்தில் கழன்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபது கிலோ. முதல் வாய்ப்பில் கம்பி தலைக்கு மேலே போய், பின்னால் விழுந்தது. மூன்று சிவப்பு.

இரண்டாவது வாய்ப்பில் தூக்கினாள். மேலே நிறுத்தினாள். கூட்டம் கை தட்டியது. விளக்கு விழுந்தது, ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு. தம்பி எழுந்து நின்று, “அநியாயம்! தூக்கிட்டாளே! கண்ணு தெரியலையா?” என்று கத்தினான். சுற்றி இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். “முழங்கை மடங்குச்சு. இடது கை. சும்மா இரு.”

“அக்கா, நீ யார் பக்கம்?”

“மடங்குச்சுன்னா மடங்குச்சு.”

கடைசி வாய்ப்பு. இதிலும் விட்டால் பூஜ்யம், பெயர் போய்விடும். பெயரைக் கூப்பிட்டார்கள். கடிகாரம் ஒரு நிமிஷத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. அவள் வந்தாள், கையில் வெள்ளைப் பொடி. கம்பிக்குக் குனியாமல் நிமிர்ந்து நின்றாள். நடுவில் இருந்த கண்ணாடி அம்மாளைப் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகத் தேடி, என்னைக் கண்டுபிடித்தாள்.

நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் முகம் இளகத்தான் பார்த்தது. ‘பரவாயில்லடி, விழுந்தா விழட்டும், வீட்டுக்கு வா’ என்று சொல்லும்படி அது தானாக மாறப் போனது. அந்த மனுஷன் சொன்னதைக் கேட்பதா என்று ஒரு கோபமும் வந்தது. கடிகாரத்தில் முப்பத்தெட்டு. முப்பத்தேழு. நான் அவள் முகத்தை விட்டுவிட்டு, அவளுடைய இடது முழங்கையைப் பார்த்தேன். அதை மட்டும் பார்த்தேன். இன்றைக்கு இது மடங்குகிறதா பார்க்கிறேன் என்று பார்த்தேன்.

அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள். குனிந்தாள். பிடித்தாள்.

கம்பி மேலே போனது. அவள் அதற்குக் கீழே உட்கார்ந்து, எழுந்து நின்றாள். முழங்கை கோல் மாதிரி நின்றது. ஒரு நூல்கூட மடங்கவில்லை. நான் விளக்கைப் பார்க்கவே இல்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. தம்பி பக்கத்தில் குலுங்கிக் குலுங்கி அழுததிலிருந்து தெரிந்தது.

இரண்டாவது வகையில் அவள் எப்போதும் போலத் தவறவில்லை, அன்று ஐந்தாவதாக வந்தாள், பட்டியலில் பெயர் நின்றது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு வகைக்கும் இடையில் கிடைத்த பத்து நிமிஷத்தில் நான் தண்ணீர் குடிக்க வெளியே போனேன். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களும் வாளிகளும் வைக்கும் இடத்தில், வாயைத்திற சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை முதுகோடு நனைந்திருந்தது.

“இங்க என்ன பண்றீங்க?”

திரும்பினார். “நான் உள்ள வர்றதில்லக்கா. எந்தப் போட்டியையும் பார்த்ததில்ல. என்னால பார்க்க முடியாது.” அரங்கத்துக் கதவைக் கை காட்டினார். “கை தட்டுற சத்தம் ரெண்டு தரம் கேட்டுச்சு. யாரோ கத்தினாங்க. என்ன ஆச்சு?”

“தூக்கிட்டா.”

“விளக்கு?”

“வெள்ளை.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஆறுதலுக்காகச் சொல்லாதீங்கக்கா.”

“ஆறுதலுக்கு நான் எப்ப பேசியிருக்கேன்?”

“பேசினதில்லதான்.” ஆனால் எழுந்திருக்கவில்லை. “எதுக்கும் உங்க தம்பியைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்.”

கூப்பிட்டேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கு சிவந்து, பேச வராமல் வந்து நின்றான். அதைப் பார்த்ததும் இவர் முகத்தில் ரத்தமே இல்லை. “போச்சா?” என்றார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. கையைப் பிடித்துக் கிளப்பி, உள்ளே தள்ளிக்கொண்டு போய், முடிவுப் பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் பெயருக்கு எதிரே மூன்றாவது கட்டத்தில் அறுபது என்று எழுதியிருந்தது. அதை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தரிடம் போய், குனிந்து, மெதுவாகக் கேட்டார்: “தம்பி, இதை எழுதினது நீங்கதானே?”